கல்லாவிலிருந்து தொடங்குங்கள்: இணையக் கடையில் ஆளை விரட்டும் தவறுகளும் திருத்தும் முறையும்

கடைக்கு வலைத்தளம் இருக்கிறது. ஆட்கள் வருகிறார்கள், பார்க்கிறார்கள், வாங்காமல் போய்விடுகிறார்கள். இந்த நிலையில் உரிமையாளர்கள் பெரும்பாலும் கைவைப்பது முகப்புப் பக்கத்தில்தான். புது நிறம், புது லோகோ, ஓடும் படங்கள். பணம் செலவாகும், விற்பனை அசையாது. கோளாறு வாசலில் இருந்தால்தானே வாசலுக்கு வெள்ளையடித்துச் சரியாகும்?

இந்த வழிகாட்டி அதனால் தலைகீழாகப் போகிறது. பணம் செலுத்தும் பக்கத்தில் தொடங்கி, முகவரிப் படிவம், பொருள் பக்கம், தேடல், எழுத்து, வேகம் என்று பின்னோக்கி வந்து கடைசியில் முகப்புக்கு வருகிறது. பணம் செலுத்தும் பக்கம்வரை வந்தவர் வாங்குவதென்று முடிவுசெய்துவிட்டவர். அவரை இழப்பதுதான் பெரிய நட்டம். அங்கே ஓட்டையை வைத்துக்கொண்டு முகப்பை அழகுபடுத்தினால், அதே ஓட்டை வழியாக இன்னும் பத்துப் பேர் வெளியேறுவார்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கற்பனைக் கடையை வைத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலை மிட்டாய், மணப்பாறை முறுக்கு மூன்றையும் கூரியரில் அனுப்பும் சிறு கடை. துணிக்கடைக்கும் பயிற்சி மையத்துக்கும் மருத்துவமனை முன்பதிவுக்கும் விவரங்கள் மாறும். தவறுகள் பெரும்பாலும் இவைதான்.

எதையும் மாற்றுவதற்கு முன்: ஐந்து பேர், ஒரு சாதாரண போன்

உங்கள் தளத்தை உங்களால் சரியாகப் பார்க்க முடியாது. எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு மனப்பாடம். அலுவலகத்தில் பெரிய திரை, வேகமான வைஃபை. வாங்குபவர் கையிலோ இரண்டு, மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய ஆண்ட்ராய்டு போன். நினைவகம் 3 அல்லது 4 ஜிபி. பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கைக் கட்டைவிரலால் தட்டுகிறார்.

தளத்தை இதுவரை பார்க்காத ஐந்து பேரைப் பிடியுங்கள். ஐந்து என்பது வாய்க்கு வந்த எண் அல்ல. பயன்பாட்டுச் சோதனைத் துறையில் முன்னோடியான ஜேக்கப் நீல்சன் 2000-இல் வாதிட்டது இது: பெரும்பாலான பெரிய கோளாறுகள் முதல் ஐந்து பேரிடமே வெளிப்பட்டுவிடும், அதற்கு மேல் கூட்டினால் அதே கோளாறுகள்தான் திரும்பத் திரும்ப வரும். ஐந்து பேரில் இருவராவது ஐம்பது வயதைக் கடந்தவராக இருக்கட்டும்.

போனில் திரைப்பதிவை ஓடவிட்டு, வைஃபையை அணைத்து, வேலையை இப்படிச் சொல்லுங்கள்: “கோயம்புத்தூரில் இருக்கிற அத்தைக்கு அரைக் கிலோ பால்கோவா போகணும், வெள்ளிக்கிழமைக்குள்ள கிடைக்கணும்.” ‘கூடையில் சேர்’ போன்ற தளத்தின் சொற்களை நீங்கள் உச்சரிக்கக் கூடாது, உச்சரித்தால் அந்தச் சொல்லைத் தேடிப்பிடித்துத் தட்டிவிடுவார்கள். பிறகு வாயைக் கட்டிக்கொண்டு இருங்கள். அவர் திணறும்போது “அதோ அந்தப் பட்டனை” என்று கை நீட்டினால் சோதனை அதோடு கெட்டது. எங்கே நின்றார், எங்கே பின்னால் போனார், என்ன முணுமுணுத்தார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 15 நிமிடம் போதும்.

பணம் செலுத்தும் இடம்

இங்கே கண்ணில் படாத தவறுகள் மூன்று.

முதலாவது கியூ.ஆர். குறி. கணினியில் பார்ப்பவருக்குத் திரையில் கியூ.ஆர். காட்டுவது சரி; போனை நீட்டி ஸ்கேன் செய்வார். போனிலேயே வாங்குபவருக்கும் அதையே காட்டினால் அவர் எந்தப் போனால் ஸ்கேன் செய்வது? சிலர் திரைப்பிடிப்பு எடுத்து யு.பி.ஐ. செயலியில் ஏற்றிப் பார்ப்பார்கள், மற்றவர்கள் போய்விடுவார்கள். போனில் வருபவருக்கு, தட்டியதும் கூகுள் பே, போன்பே போன்ற செயலி தொகையோடு நேராகத் திறக்க வேண்டும். இணையத்தில் பணம் வாங்கித் தரும் பணவாயில் சேவைகள் (பேமெண்ட் கேட்வே) இந்த வசதியைத் தருகின்றன. அமைப்பில் இயக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இரண்டாவது இதைவிட மோசம். வாங்குபவர் யு.பி.ஐ. செயலிக்குப் போய்ப் பணம் கட்டிவிட்டுத் திரும்புகிறார். அதற்குள் போன் நினைவகம் போதாமல் உலாவிப் பக்கத்தை மூடியிருக்கும். பக்கம் மறுபடி முதலிலிருந்து திறக்கிறது: கூடை காலி, பணம் போய்விட்டது, ஆர்டர் பதிவானதா தெரியவில்லை. வாங்கியவர் உங்களை மோசடிக்காரர் என்றே நினைப்பார். தளத்தைக் கட்டியவர், வாங்குபவர் உலாவிக்குத் திரும்பி வந்தால்தான் ஆர்டரைப் பதிவது என்று அமைத்திருந்தால் இப்படி நடக்கும். திருத்தம்:

1. பணம் கட்டப் போகும் முன்பே ஆர்டருக்கு எண் கொடுத்து, ‘பணத்துக்குக் காத்திருக்கிறது’ என்ற நிலையில் சர்வரில் சேமிக்க வேண்டும்.
2. பணம் வந்த செய்தியை வாங்குபவரின் உலாவியிடமிருந்து எதிர்பார்க்கக் கூடாது. பணவாயில் சேவை நேரடியாக உங்கள் சர்வருக்கு அனுப்பும் அறிவிப்பை வைத்தே ஆர்டரை உறுதிசெய்ய வேண்டும். இதை ‘வெப்ஹூக்’ என்று கேட்டால் தளம் கட்டுபவருக்குப் புரியும்.
3. உறுதியானதும் குறுஞ்செய்தியோ வாட்ஸ்அப் செய்தியோ போக வேண்டும். தமிழில் குறுஞ்செய்தி என்றால் ஒன்றுக்கு 70 குறியீடுகள்தான் கொள்ளும் (ஆங்கிலத்தில் 160). தமிழில் ‘கோ’ என்ற ஒரே எழுத்துக்கே இரண்டு குறியீடுகள் செலவாகும். ஆர்டர் எண், தொகை, சேரும் நாள் மூன்றையும் வைத்து மற்றதை வெட்டுங்கள்.
4. பணம் பிடிக்கப்பட்டு ஆர்டர் விழாமல் போனால் என்ன ஆகும் என்பதைத் தோல்விப் பக்கத்திலேயே எழுதுங்கள். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, வணிகருக்கு உறுதிச்செய்தி வராத யு.பி.ஐ. பணம் பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இந்த ஒரு வரி உங்கள் போன் மணியைக் குறைக்கும்.

மூன்றாவது, மௌனமான பொத்தான். தட்டியதும் ஒன்றும் நடக்காததுபோல் இருந்தால் மனிதர் மறுபடி தட்டுவார். இரண்டு ஆர்டர் விழும். தட்டிய கணமே பொத்தானின் நிறம் மாறி ‘காத்திருங்கள்…’ என்று வர வேண்டும். இரண்டாவது தட்டலை அது ஏற்கக் கூடாது. பொத்தான் மீது ‘சமர்ப்பி’ என்று இருப்பதைவிட ‘ரூ.640 செலுத்து’ என்று இருப்பது நல்லது. கட்டப்போகும் தொகை கண்ணெதிரே இருந்தால் தயக்கம் குறையும்.

முகவரிப் படிவம்

வெளிநாட்டு வார்ப்புருவை அப்படியே எடுத்து ஒட்டிய படிவம் நம் ஊரில் முதலில் இடறும் இடம் பெயர். ‘முதல் பெயர்’, ‘கடைசிப் பெயர்’ என்று இரண்டு பெட்டி, இரண்டும் கட்டாயம். நம் ஆட்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். ‘மு.’ என்று போட்டால் “குறைந்தது 3 எழுத்து வேண்டும்” என்று பெட்டி சிவக்கும். அவர் அப்பா பெயரைப் போடுவார், அல்லது தன் பெயரையே இரண்டு முறை போடுவார்; கூரியர் சீட்டில் ‘முருகன் முருகன்’ என்று அச்சாகும். ஒரே பெட்டி போதும். புள்ளி, இடைவெளி, ஒற்றை எழுத்து எல்லாவற்றையும் அது ஏற்க வேண்டும்.

அடுத்து போன் எண். ஒருவர் +91 போடுவார், ஒருவர் முன்னால் 0 போடுவார், ஒருவர் ஐந்தைந்தாகப் பிரித்து நடுவே இடைவெளி விடுவார். மூன்றும் சரியான எண்தான். இடைவெளியையும் முன்னொட்டையும் நீக்கி 10 இலக்கமாக்குவது நிரலின் வேலை. வாங்குபவரின் வேலை அல்ல.

பின்கோடை ஊருக்கும் மாவட்டத்துக்கும் முன்னால் கேளுங்கள். ஆறு இலக்கம் விழுந்ததும் மாவட்டமும் மாநிலமும் தானாக நிரம்பட்டும். ஒரே பின்கோடுக்குள் பல ஊர்கள் இருப்பதால் ஊர்ப் பெயரைப் பூட்டிவிடாமல், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கவோ திருத்தவோ விடுங்கள். அந்தப் பின்கோடுக்கு நீங்கள் அனுப்புவதில்லை என்றால் அங்கேயே சொல்லிவிடுங்கள், மீதிப் பெட்டிகளை நிரப்பவைத்த பிறகு அல்ல. ‘அருகில் உள்ள அடையாளம்’ என்ற பெட்டியை விட்டுவிட வேண்டாம். “பிள்ளையார் கோயிலுக்கு எதிர் சந்து” என்பது நம் ஊரில் கதவு எண்ணைவிட நம்பகமான முகவரி.

மற்றவை சுருக்கமாக:

- போன் எண், பின்கோடு பெட்டிகளைத் தொட்டால் எண் விசைப்பலகை வர வேண்டும்.
- பெட்டிக்குள் எழுத்தின் அளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோனில் பெட்டியைத் தொட்டதும் பக்கம் தானாகப் பெரிதாகி ஒருபக்கம் நகர்ந்துவிடும். 16 வையுங்கள், தீர்ந்தது.
- பெட்டியின் பெயர் பெட்டிக்கு மேலே நிற்க வேண்டும். உள்ளே மங்கலாக எழுதிவைத்தால் தட்டச்சு தொடங்கியதும் மறைந்துவிடும், “இது என்ன பெட்டி?” என்று அழித்துப் பார்க்க வேண்டிவரும்.
- உலாவி சேமித்து வைத்திருக்கும் முகவரியைத் தானாக நிரப்ப வழிவிடுங்கள். ஒவ்வொரு பெட்டியும் எதற்கென்று நிரலில் சரியாகக் குறித்தால் போதும்.
- தவறு இருந்தால் அந்தப் பெட்டியின் கீழேயே, என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். “செல்லாத உள்ளீடு” யாருக்கும் உதவாது. “போன் எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது” உதவும். நிரப்பியதை அழித்துவிட்டு மறுபடி கேட்பது மன்னிக்க முடியாத குற்றம்.

வாங்குவதற்கு முன் கணக்குத் தொடங்கச் சொல்லாதீர்கள். கால் கிலோ முறுக்கு வாங்க யாரும் கடவுச்சொல் யோசிக்க மாட்டார்கள். போன் எண்ணைச் சரிபார்க்க ஓ.டி.பி. கட்டாயம் வேண்டுமென்றால், 30 நொடியில் ‘மீண்டும் அனுப்பு’ தோன்ற வேண்டும்; செய்தியைப் பார்க்க வேறு செயலிக்குப் போய்த் திரும்பினாலும் பக்கம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்; நகலெடுத்து ஒட்டவும் விட வேண்டும். ஆறு இலக்கத்துக்கு ஆறு தனிப்பெட்டி வைப்பது பார்க்க அழகு, ஒட்டிப் பார்த்தால் முதல் பெட்டியில் ஓர் இலக்கத்தோடு நின்றுவிடும் தளங்கள் உண்டு.

பொருள் பக்கம்

பால்கோவா வாங்குபவர் மனதில் நாலு கேள்வி: மொத்தம் எவ்வளவு ஆகும்? எப்போது வரும்? எத்தனை நாள் கெடாது? உடைந்தோ கெட்டோ வந்தால் என்ன செய்வது? பல தளங்களில் இந்த நான்குக்கும் பதில் இருக்கும், நாலு வெவ்வேறு பக்கங்களில். விலை இங்கே, அனுப்பும் செலவு பணம் கட்டும் இடத்தில், கெடும் நாள் ‘கேள்வி பதில்’ பக்கத்தில், திருப்பும் விதி அடிக்குறிப்பில். இவை எல்லாம் ‘கூடையில் சேர்’ பொத்தானுக்குப் பக்கத்தில், தனித்தனி வரியாக நிற்க வேண்டும்.

அனுப்பும் செலவைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். இணையக் கடைகளை நெடுங்காலமாக ஆராயும் டென்மார்க்கின் பேமார்ட் நிறுவனம், நிரப்பிய கூடைகளில் சுமார் 70 சதவீதம் கைவிடப்படுகின்றன என்று கணக்கிடுகிறது. சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், முதல் காரணம் விலைக்கு மேல் ஏறும் கூடுதல் செலவு. 320 ரூபாய்ப் பால்கோவாவுக்கு 90 ரூபாய் கூரியர் என்பது நியாயமாகவே இருக்கலாம். கடைசிப் பக்கத்தில் முளைத்தால் ஏமாற்றுவதாகத்தான் தெரியும். பொருள் பக்கத்திலேயே பின்கோடு பெட்டி வைத்து, செலவையும் சேரும் நாளையும் அங்கேயே காட்டுங்கள். “3 முதல் 5 வேலை நாள்” என்று எழுதி, நடுவில் ஞாயிறு வருகிறதா என்று வாங்குபவரைக் கணக்குப் போட வைக்காதீர்கள். “வெள்ளி, 14-ஆம் தேதிக்குள்” என்று எழுதுங்கள்.

எடை விஷயத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 250 கிராம், 500 கிராம், 1 கிலோ என்று மூன்று அளவு இருந்தால் மூன்றையும் பொத்தான்களாகவே காட்டுங்கள். கீழிறங்கு பட்டியலுக்குள் ஒளித்தால் மற்ற அளவுகள் இருப்பதே பலருக்குத் தெரியாது. அளவை மாற்றியதும் விலை மாறுவது கண்ணில் பட வேண்டும். படத்தில் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு கை அல்லது ஒரு டம்ளர் இருக்கட்டும். கால் கிலோ எவ்வளவு என்று அப்போதுதான் புரியும்.

கெட்டுப்போகும் பொருளுக்குத் திருப்பும் விதியை வழவழவென்று எழுத வேண்டியதில்லை. “கெட்டிருந்தால் 24 மணி நேரத்துக்குள் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், பணம் திரும்பும்” என்று உங்கள் உண்மையான நடைமுறையை எழுதுங்கள். அந்த வாட்ஸ்அப் எண் தட்டினால் திறக்க வேண்டும். இணைப்பில் எண்ணை 91-இல் தொடங்கி, கூட்டல் குறியும் முன்னால் வரும் சுழியமும் இல்லாமல் போட வேண்டும். இது தவறினால் “இந்த எண் வாட்ஸ்அப்பில் இல்லை” என்று வரும். போன் எண்ணைப் படத்துக்குள் வரைந்து வைத்திருக்கும் தளங்கள் இன்னும் இருக்கின்றன. படத்தைத் தட்டி யாரும் பேச முடியாது.

தேடல்

இந்தப் பகுதி சின்னது, பலன் பெரிது. நம் வாசகர்கள் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில், அவரவர் காதுக்குப் பட்டபடி தட்டுவார்கள். முறுக்குக்கே நாலைந்து எழுத்துக்கூட்டல் வரும். கடலை மிட்டாய்க்கு அதைவிடக் கூடும். தமிழ் எழுத்திலும் தட்டுவார்கள், குரலிலும் சொல்வார்கள். “ஒன்றும் கிடைக்கவில்லை” என்று காட்டும் தளம், அலமாரியில் பொருளை வைத்துக்கொண்டே ‘இல்லை’ என்று சொல்லும் கடைக்குச் சமம். மாதத்துக்கு ஒருமுறை, தேடியும் விடை கிடைக்காத சொற்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றையும் உரிய பொருளோடு இணைச்சொல்லாகச் சேருங்கள். நாற்பது, ஐம்பது பொருள் உள்ள கடைக்கு அரைமணி நேர வேலை.

தமிழ் எழுத்து

தமிழில் பக்கம் வைக்கும் கடைகளுக்கு மட்டும் உரிய கோளாறுகள் இவை. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இவற்றைப் பெரும்பாலும் பார்க்க முடியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம்.

துண்டறிக்கைக்கு அச்சகத்தில் தட்டிய உரையை அப்படியே தளத்தில் ஒட்டுவது முதல் தவறு. அச்சு வேலையில் பாமினி போன்ற பழைய எழுத்துரு முறைகள் இன்றும் புழங்குகின்றன. அந்த எழுத்துரு இல்லாத போனில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கூகுளும் அதை அப்படியேதான் படிக்கும். எழுத்துரு மாற்றும் கருவி ஒன்றில் போட்டு, எல்லாப் போனிலும் தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றிய பின்பே ஏற்றுங்கள். மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துவிடுங்கள். கொம்பும் காலும் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு.

இரண்டாவது, எந்திர மொழிபெயர்ப்பு. மேல்வரிசையில் ‘ஹோம்’ என்பது ‘வீடு’ ஆகிவிடும். முன்பதிவுப் பொத்தான் ‘புத்தகம்’ ஆகிவிடும். ‘ஆர்டர்’ என்பது ‘ஒழுங்கு’ ஆகும். பக்கத்தின் நீண்ட உரையைவிட இந்த இருபது, முப்பது பொத்தான் சொற்களைத்தான் ஆள் வைத்துச் சரிபார்க்க வேண்டும். தூய தமிழா, பேச்சு வழக்கா என்ற விவாதத்தில் இறங்காமல் வாங்குபவர் வாயில் வரும் சொல்லை வையுங்கள். ‘ஆர்டர்’, ‘டெலிவரி’ என்பவை எல்லோருக்கும் புரியும். ‘கொள்வனவாணை’ என்று வைத்தால் உங்கள் சோதனையாளர் ஐந்து பேரும் நிற்பார்கள்.

மூன்றாவது, இடம். ஒரே செய்தி தமிழில் எழுதினால் ஆங்கிலத்தைவிட நீளும். ஆங்கிலத்துக்கு அளந்த பொத்தானில் தமிழை வைத்தால் இரண்டு வரியாக மடியும் அல்லது விளிம்பில் வெட்டுப்படும். ‘பதிவிறக்கம் செய்யவும்’ என்பதை ‘பதிவிறக்கு’ என்று சுருக்குங்கள். பொத்தானின் அகலத்தை எண்ணால் பூட்டாமல் சொல்லுக்கேற்ப விரியவிடுங்கள். பொருளின் பெயரை இத்தனை எழுத்தோடு வெட்டு என்று நிரலில் கட்டளை இருந்தால் அதையும் கவனியுங்கள். கணினிக்கு ‘கோ’ என்பது ஓர் எழுத்தல்ல, மெய்யும் குறியும் சேர்ந்த இரண்டு. நடுவில் வெட்டினால் ‘பால்கோவா’ ‘பால்க…’ ஆகி நிற்கும்; குறி தனியே அடுத்த வரிக்குப் போனால் புள்ளிவட்டம் தெரியும்.

அளவும் நிறமும். உரை குறைந்தது 16 பிக்சல், சிறு குறிப்பு 14. வரிக்கு வரி இடைவெளி எழுத்தின் 1.6 மடங்கு. கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால் ஆங்கிலத்துக்கு வைத்த 1.3 தமிழுக்கு நெருக்கடி. சாய்வெழுத்து வேண்டாம்; பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் உண்மையான சாய்வு கிடையாது, உலாவி நிமிர்ந்ததையே பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை போன்ற இலவச எழுத்துருக்களில் ஒன்றை எடுத்து, சாதாரணம், தடிப்பு என்று இரண்டு எடைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாடு 4.5:1-க்குக் குறையக் கூடாது. பெரிய தலைப்புகளுக்கு 3:1 போதும். பார்வைக் குறை உள்ளவர் உட்பட எல்லோரும் தளத்தைப் பயன்படுத்துவதற்கான உலகளாவிய அணுகல் நெறிமுறையின் (WCAG) இடைநிலை அளவு இது. வெள்ளையில் #999999 என்ற நிறக்குறியீடு கொண்ட சாம்பல் ஏறத்தாழ 2.8 தான், #767676 வைத்தால் தேறும். அரக்கு மேல் தங்க எழுத்து நம் கடைகளுக்குப் பிடித்த சேர்க்கை. தங்கம் வெளிர்நிறமாக இருந்தால் நன்றாகத் தெரியும், செம்புப் பக்கம் சாய்ந்தால் வெயிலில் போனில் ஒன்றும் தெரியாது. வெளியே போய் வெயிலில் நின்று ஒருமுறை பாருங்கள்.

மொழி மாற்றும் பொத்தானில் ‘தமிழ்’ என்று தமிழிலேயே எழுதுங்கள். கொடி வைக்காதீர்கள். தமிழுக்கு எந்தக் கொடி? இந்தியாவா, இலங்கையா, சிங்கப்பூரா? மொழியை மாற்றினால் அதே பொருளின் தமிழ்ப் பக்கம் வர வேண்டும்; முகப்புக்குத் தூக்கிப் போடக் கூடாது.

வேகம்

கூகுளின் ‘பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்’ என்ற இலவசச் சோதனையில் உங்கள் தள முகவரியைக் கொடுங்கள். முகப்பை மட்டும் அல்ல, ஒரு பொருள் பக்கத்தையும். மொபைல் பகுதியைப் பாருங்கள். கணினி மதிப்பெண் ஆறுதலுக்குத்தான். கவனிக்க வேண்டியவை மூன்று எண்கள். பக்கத்தின் முதன்மைப் படம் அல்லது உரை தெரிய 2.5 நொடிக்குள், தட்டியதற்குத் திரை பதில் சொல்ல 200 மில்லிநொடிக்குள், ஏறும்போது பக்கம் குதிக்கும் அளவு 0.1-க்குள். மூன்றாவதை எல்லோரும் அனுபவித்திருப்பார்கள்: ‘250 கிராம்’ என்று தட்டப்போகும் நேரத்தில் மேலே ஒரு படம் வந்து விழுந்து, விரல் ‘1 கிலோ’வில் படும்.

மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் படங்கள். போனில் எடுத்த படம் 4000 பிக்சல் அகலம், 4 முதல் 6 எம்பி. அதை அப்படியே ஏற்றி, திரையில் சின்னதாகக் காட்டினால், வாங்குபவரின் டேட்டாவில் முழு எம்பியும் இறங்கும். பத்துப் பொருள் உள்ள பக்கம் 50 எம்பி ஆகிவிடும். செய்ய வேண்டியது:

1. படத்தின் அகலத்தை 1000 பிக்சலாகக் குறையுங்கள். போன் திரைக்கு இது தாராளம்.
2. வெப்பி (WebP) என்ற பட வடிவில், தரம் 75 முதல் 80 வரை வைத்துச் சேமியுங்கள். ஒரு படம் 100 முதல் 150 கேபிக்குள் அடங்கும். கூகுளின் ‘ஸ்கூஷ்’ தளத்தில் உலாவியிலேயே செய்யலாம்.
3. ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் நிரலில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இடம் முன்பே ஒதுக்கப்பட்டால் பக்கம் குதிக்காது.
4. கீழே உள்ள படங்கள் உருட்டும்போது ஏறினால் போதும். முதல் திரையில் தெரியும் படத்துக்கு இதைச் செய்துவிடாதீர்கள். அது இன்னும் தாமதமாகும். செருகுநிரல்கள் (பிளகின்) எல்லாப் படத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு இதைப் போட்டுவிடுவது உண்டு.

படங்களுக்கு அடுத்து, யாரோ சொன்னார்கள் என்று சேர்த்த சின்னச் சின்ன நிரல்கள்: அரட்டைப் பெட்டி, பனித்துளி விழும் அலங்காரம், வருவோரை எண்ணும் மூன்று வகைக் கருவி. ஒவ்வொன்றையும் ஒருநாள் அணைத்துப் பாருங்கள். எதை அணைத்தும் யாரும் கேட்கவில்லையோ அதைத் தூக்கிவிடுங்கள்.

முகப்பு

கடைசியில் முகப்பு. முதல் திரையில் மூன்றே விஷயம்: என்ன விற்கிறீர்கள், எங்கெல்லாம் அனுப்புகிறீர்கள், வாங்க எங்கே தட்டுவது. “1962 முதல் பாரம்பரியச் சுவை” வகை வாசகம் அதற்குக் கீழே வரட்டும். தானாக நகரும் படவரிசையை எடுத்துவிட்டு அதிகம் விற்கும் பொருளின் ஒரே படத்தை வையுங்கள். படித்து முடிப்பதற்குள் ஓடும் படம் எரிச்சலைத்தான் தரும். சித்திரையிலும் நிற்கும் பொங்கல் வாழ்த்து, கடை மூடிவிட்டதோ என்ற சந்தேகத்தைக் கிளப்பும்.

உள்ளே வந்ததும் திரையை மறைத்து எழும் பெட்டியைத் தவிருங்கள். போனில் உள்ளடக்கத்தை மறைக்கும் இத்தகைய பெட்டிகளைக் கூகுள் தேடல் 2017 ஜனவரி முதல் தரவரிசையில் எதிர்மறையாகக் கணக்கில் எடுக்கிறது. தள்ளுபடிச் செய்தி இருந்தால் மேலே ஒற்றை வரிப் பட்டை போதும். மூடும் குறி உள்ள எதுவானாலும் விரல் படும் இடம் 44 பிக்சல் சதுரமாவது இருக்கட்டும்.

சட்டத்தில் மாட்டும் தந்திரங்கள்

“இன்னும் 2 மட்டுமே உள்ளது”, பக்கத்தைப் புதுப்பித்தால் மறுபடி 10 நிமிடத்தில் தொடங்கும் கடிகாரம், கேட்காமலே கூடையில் ஏறிய நன்கொடை, “வேண்டாம், எனக்குச் சேமிக்கப் பிடிக்காது” என்று வாங்காதவரைக் கூசவைக்கும் பொத்தான். வடிவமைப்பாளர் இவற்றை விற்பனை உத்தி என்று தள்ளிவிடப் பார்ப்பார். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு நெறிகள் இத்தகைய 13 வகை ஏமாற்று வடிவங்களைத் தடைசெய்கின்றன. பொய்யான அவசரம், கூடையில் திணித்தல், கடைசியில் விலையைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுதல் மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. உண்மையிலேயே இரண்டு டப்பாதான் மிச்சம் என்றால் தாராளமாக எழுதலாம்.

2020-இன் மின்வணிக விதிகளையும் ஒருமுறை சரிபாருங்கள். நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, தொடர்பு விவரம், குறைதீர்ப்பு அலுவலர் விவரம் தளத்தில் இருக்க வேண்டும். புகாருக்கு 48 மணி நேரத்துக்குள் ‘கிடைத்தது’ என்ற பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு. முன்பே டிக் போட்டுவைத்த சம்மதப் பெட்டிக்கு அனுமதி இல்லை. உணவு விற்பவர் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) 14 இலக்க உரிம எண்ணையும் போடுங்கள். வாங்குபவருக்கு அது நம்பிக்கை தரும் வரி.

மாற்றிய பின் பார்ப்பது

தினம் சில நூறு பேர் வரும் கடைக்கு, பாதிப் பேருக்குப் பழைய பக்கம், பாதிப் பேருக்குப் புதிய பக்கம் என்று காட்டி ஒப்பிடும் சோதனை சரிப்படாது. எண்ணிக்கை போதாமல் தற்செயலை உண்மை என்று நம்பிவிடுவீர்கள். எளிய வழி இது. பொருள் பக்கம், கூடை, முகவரி, பணம், முடிந்த ஆர்டர் என்ற ஐந்து நிலையிலும் வாரத்துக்கு எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எந்த இரண்டு நிலைக்கு நடுவில் அதிகம் உதிர்கிறதோ அங்கே ஒரு மாற்றம் மட்டும் செய்து, இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். பண்டிகை வாரத்தைச் சாதாரண வாரத்தோடு ஒப்பிட வேண்டாம். தீபாவளிக்கு ஓட்டைத் தளத்திலும் விற்கும்.

மைக்ரோசாஃப்டின் ‘கிளாரிட்டி’ இலவசம். எங்கே தட்டினார்கள், எங்கே பதில் வராமல் ஆத்திரத்தில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தட்டினார்கள் என்று பதிவாகக் காட்டும். பெயர், போன் எண், முகவரி பதிவில் மறைக்கப்படுகின்றனவா என்று அமைப்பில் உறுதிசெய்துவிட்டே ஓடவிடுங்கள். வாரத்துக்குப் பத்துப் பதிவு பார்த்தால் போதும்.

கோளாறைத் தளம் கட்டியவரிடம் சொல்லும்போது “சைட் சரியில்லை” என்று போன் செய்யாதீர்கள். போன் மாடல், உலாவி, வைஃபையா மொபைல் டேட்டாவா, எந்தப் பக்கம், எதைத் தட்டினார், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று ஐந்தாறு வரியில் எழுதி, சோதனையின்போது எடுத்த திரைப்பதிவில் அந்த இருபது நொடியை மட்டும் வெட்டிச் சேர்த்து அனுப்புங்கள். “எங்க சிஸ்டத்துல நல்லாத்தானே வருது” என்ற பதிலுக்கு அப்போது இடமிருக்காது.